சவரக்கத்தியும் அண்ணாமலையும்

பேரிடரிலிருந்து மயிரிழையில் தப்பியவனைத் தமிழர் ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்று தேற்றுவர். ஆங்கிலேயர் பேச்சுவழக்கில் அதனைக் ‘குளோஸ் ஷேவ்’ என்பர். கத்தி தோலை ஒட்டிச் சென்றது. ஆயினும் வெட்டவில்லை என்பதே அதன் கருத்து. 19ஆம் நூற்றாண்டில் பரவிய கொச்சைத் தொடர் இது. அதே சவரக்கத்தியிலிருந்து பிறந்த மற்றொரு தொடரோ மிகத் தொன்மையானது. ‘ரேஸர்ஸ் எட்ஜ்’, அதாவது சவரக்கத்தியின் விளிம்பு என்னும் அத்தொடருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓர் உறவு உண்டு.

1938ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் ரமணாசிரமத்திற்கு வந்தார். அங்கே மேஜர் சாட்விக் என்பாரின் குடிலில் மயங்கி விழுந்தார். ரமணர் அக்குடிலுக்கே வந்து அவரெதிரே அமர்ந்தார். மாம் பரவச நிலை எய்தினார் என்ற செய்தி பின்னர் நாடெங்கும் பரவியது. மாம் அதனை ஏற்கவில்லை. தமக்கு முன்பும் மயக்கம் வந்ததுண்டு என்றும், அதற்கு மருத்துவர் கூறும் உடற்காரணம் உண்டு என்றும், 1958இல் வெளிவந்த கட்டுரை நூலில் எழுதினார். புகழ் தரும் கதையைத் தாமே மறுத்த நேர்மை பாராட்டத்தக்கது.

1944இல் ‘தி ரேஸர்ஸ் எட்ஜ்’ என்னும் அவருடைய புதினம் வெளிவந்தது. அதில் லாரி என்னும் அமெரிக்க இளைஞன் ஸ்ரீ கணேசர் என்ற ஞானியை நாடி வருகிறான். ஆசிரமம் திருவிதாங்கூரில் இருப்பதாகக் கதை சொல்லினும், ஞானியிடம் ரமணரின் சாயலைக் காண்போர் பலர்.

அதனால் இத்தொடரே அண்ணாமலையடிவாரத்தில் பிறந்தது என்று எண்ணிவிடலாகாது. ஹோமரின் இலியத்துப் பத்தாம் காண்டத்தில், முதியவர் நெஸ்டர் நள்ளிரவில் தியோமிதீசை எழுப்பி, கிரேக்கர் அனைவரின் வாழ்வும் சாவும் சவரக்கத்தியின் விளிம்பில் நிற்பதாக எச்சரிக்கிறார். ஆங்கிலத்தில் இத்தொடர் இன்றும் தாங்கி நிற்பது இப்பொருளையே. மாம் தம் நூல்முகப்பில் வைத்ததோ கடோபநிடதக் கருத்து. அதனை மொழிபெயர்க்க எழுத்தாளர் கிறிஸ்டபர் இஷர்வுட் அவருக்கு உதவினார்.

கத்தி ஒன்றே. கிரேக்கரின் ‘க்ஸுரோன்’, வடமொழியின் ‘க்ஷுரம்’ இரண்டையும் ஓரினமாக மொழிநூலார் காட்டுவர். நம் ‘சவரம்’ அவ்வடசொல்லின் வழி வந்ததே. பொருளோ வேறு. ஹோமரிடம் மனிதர் விளிம்பின்மேல் நிற்கின்றனர். இப்புறமோ அப்புறமோ விழுவது கணப்பொழுதில் முடிந்துவிடும். உபநிடதத்தில் அவ்விளிம்பு கடத்தற்கரிய வழி. வாழ்நாள் முழுதும் நடந்தாக வேண்டியது. அவ்வழியின் அருமையைச் சொல்வோராக அங்கே குறிக்கப்படுபவர் ‘கவிகள்’. மெய்யுணர்ந்தோர் என்பதே அவ்விடத்துப் பொருள் எனினும், கவிஞர்க்கு அச்சொல் உவப்பளிக்கும்.

ஆகவே, புதினத்தின் தலைப்பை மட்டும் கேட்ட ஆங்கில வாசகர் நெருக்கடியை நினைத்திருப்பர். ஆசிரியர் கருதியதோ பயணம். ‘கத்திமேல் நடப்பது’ என்னும் நம் வழக்கில் நடை இருக்கிறது. அது ஹோமரினும் உபநிடதத்திற்கே அணுக்கமானது. தலைப்பைத் தமிழாக்குவோர் ‘கத்திமுனையில்’ என்று எழுதினால், கொள்ளையர் மிரட்டல்தான் நினைவுக்கு வரும்.

மாம் வருவதற்கு 42 ஆண்டுகளுக்கு முன், 1896 செப்டம்பர் 1ஆம் நாள், வேங்கடராமன் என்னும் 16 வயது இளைஞர் இவ்வூரில் வந்திறங்கினார். பின்னாளில் ரமணர் எனப்பட்டவர் அவரே. குடுமியை எடுத்துவிடலாமா என்று யாரோ கேட்க, இசைந்து, அய்யங்குளக் கரையில் நாவிதர் ஒருவரிடம் தலையைக் கொடுத்தார்.