வேகம் வளைவில் இருக்கிறது

மோட்டார் பந்தயம் என்றால் நேரான சாலையில் காற்றாய்ப் பறப்பது என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பாதை வகுக்கிறவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்தபோது இங்கிலாந்தில் எத்தனையோ விமான தளங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. சில்வர்ஸ்டோன் அவற்றில் ஒன்று. 1947-ல் சில சிநேகிதர்கள் அங்கே தாங்களாகவே ஒரு பந்தயம் வைத்துக்கொண்டார்கள். குறுக்கே வந்த ஆடு ஒன்று காரில் அடிபட்டுச் செத்தது. 'ஆட்டுக்கறிப் பந்தயம்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது!

அடுத்த ஆண்டு அதே இடத்தில் பெரிய பந்தயம். ஓரப் பாதையோடு நீண்ட ஓடுபாதைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். வைக்கோல் கட்டுகளும் பீப்பாய்களுமே எல்லை. நடுவில் கார்கள் எதிரும் புதிருமாக வந்தன. ஓட்டுகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மிரளக் கூடாதென்று கித்தான் திரை கட்டினார்கள். 1949-ல் ஓடுபாதைகளைக் கைவிட்டு, விசாலமாக வளைந்து செல்லும் ஓரப் பாதையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். வென்றவரின் சராசரி வேகம் மணிக்கு 72 மைலிலிருந்து 77 மைலாயிற்று. நேர்கோடு குறைந்தது, வேகம் கூடியது. ஓடுபாதை எவ்வளவு நீளமாக இருந்தால் என்ன? அதன் முடிவில் ஒடித்துத் திரும்பவேண்டியிருந்தால், சேர்த்த வேகமெல்லாம் அங்கே செலவாகிவிடும்.

சென்னைக்கு அருகே சோழவரத்திலும் யுத்த கால ஓடுபாதைதான் பந்தயக்களம் ஆயிற்று. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்திற்று. 1990-ல்தான் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைத்த பாதை வந்தது.

ஆட்டோகிராஸ் என்பது இந்தப் பெரிய பந்தயங்களின் ஏழைத் தம்பி. ஒரு மைதானம், கொஞ்சம் ரப்பர் கூம்புகள், ஒரு கடிகாரம் போதும். கூம்புகளுக்கிடையே ஒவ்வொருவராக ஓட்டவேண்டும். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி, ஒரு கூம்பைச் சாய்த்தால் 2 விநாடி தண்டம்.

என் வாலிபத்தில் கோவைப் பக்கத்து மைதானம் ஒன்றில் கூம்பு சுமந்த கூட்டத்தில் நானும் ஒருவன். பாதை வகுத்தவர் வயதான மெக்கானிக் ஒருவர். கோடியில் நின்ற புளியமரம் வரைக்கும் நேராக விடவேண்டுமென்று பையன்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

"வேகந்தானே தம்பி வேணும்? தர்றேனுங்க. மரத்தைப் பார்த்து மட்டும் விடமாட்டேன்" என்றார் அவர்.

மைதானத்தின் நடுவிலேயே அகன்ற வளைவுகளாக ஒன்றுக்குள் ஒன்று ஓடிக் கலக்கும்படி கூம்புகளை வைக்கச் சொன்னார். இரண்டு முறை தாமே நடந்து பார்த்து, நாலைந்தைச் சற்று நகர்த்தினார். பையன்கள் முணுமுணுத்தார்கள். முதல் சுற்று முடிந்ததும் முணுமுணுப்பு நின்றுவிட்டது. பிரேக்கைத் தொடாமலே வளைவுகளைக் கடந்துவிட்டு வந்தவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

மத்தியானம் ஒரு கார் பிடி இழந்து மூன்று முறை சுழன்று நின்றது. ஐந்து கூம்புகள் உருண்டன. உள்ளேயிருந்த பையன் வெட்கத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு இறங்கினான். பெரியவர் அவனை ஒன்றும் கேட்கவில்லை. கூம்புகளைப் பழைய இடத்தில் வைக்கும்படி எனக்குச் சைகை காட்டினார். புளியமரம் வெகு தூரத்தில் நின்றது.