மூன்று நாள் விருந்தும் பதினெட்டு ஆண்டு விருந்தும்

அரபு நாட்டுப் பாலைவனத்தில் மாலை மங்கும் வேளையில் வழிப்போக்கன் ஒருவன் கருநிறக் கூடாரமொன்றைக் காண்கிறான். ஆட்டுமயிரால் நெய்த அக்கூடாரத்தின் முன் அவன் ஒட்டகத்தை நிறுத்தினாற் போதும். அந்த இரவுக்கு அவன் விருந்தினன். பெயர் யாது, வந்த காரியம் யாது என்று உடனே வினவுதல் பெதூயின் மக்களிடையே பண்பாகாது. காப்பிக்கொட்டை வறுபடும், உரலில் இடிபடும். அவ்வோசையே அயற்கூடாரத்தாருக்கும் அழைப்பாகும். ஏலம் மணக்கும் காப்பியைச் சிறு கிண்ணத்தில் சிறிதளவே வார்ப்பர். போதுமென்று எண்ணுபவன் கிண்ணத்தை மெல்ல அசைத்துக் காட்டுதல் வேண்டும். அதுவரை வார்த்துக்கொண்டே இருப்பர். அந்த ஏலம் வளர்வது மணலில் அன்று. மலையாளக் கரையிலும் நம் மலைநாட்டிலும் விளைந்து கடல் கடந்து சென்ற சரக்கு அது.

இவ்விருந்துக்கு எல்லை மூன்று நாள் என்பது அவர்தம் மரபு. அதற்குள் விருந்தினனுக்குத் தீங்கு நேரின் பழி ஓம்பியவனைச் சாரும். நீரும் நிழலும் அரிதான நிலத்தில் இது வெறும் பெருந்தன்மை மட்டும் அன்று. இன்று சோறிட்டவன் நாளை வழி தவறி மற்றொருவன் கூடாரத்தை நாடவேண்டியவன் அல்லவா?

இந்த மூன்று நாட் கணக்கு நம் நாட்டு வரலாற்றிலும் ஒருமுறை எதிரொலிக்கிறது. 1344ஆம் ஆண்டில் மாலைதீவிலிருந்து வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, இலங்கையின் மேற்குக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னன் தம்மை மூன்று நாள் தங்கவைத்து, நாளுக்கு நாள் மிகுதியாக மரியாதை செய்தான் என்று அவரே தம் பயணநூலில் குறித்துள்ளார். வேண்டுவது யாது என மன்னன் வினவ, பாவாத மலையைத் தரிசிப்பதொன்றே தம் விருப்பம் என்றார் அவர். பல்லக்கு வந்தது, வழி தெரிந்த யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், உணவு சுமக்கப் பதினைவரும், அரசனின் துணைவர் பதின்மரும் உடன் சென்றனர். தமிழ் மன்னன் அரபு நூல் படித்து இதனைச் செய்தான் என்பதற்கில்லை. விருந்தோம்பலுக்கென வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்த மொழி அவனுடையது.

இனிக் கண்டிக்கு வருவோம். மஹய்யாவவைக் கடந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் சாலையை நேயர்கள் அறிவீர்கள். அதற்கு அணித்தான ஹல்லொலுவப் பகுதியில் ஒராபி பாஷா வாழ்ந்தார். அவர் பாலைவனத்தவர் அல்லர். நைல் சமவெளியின் உழவர் குடியிற் பிறந்த படைத்தலைவர். 1882 செப்டெம்பரில் தெல்-எல்-கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாற்றப்பட, 1883 ஜனவரியில் தோழர் அறுவருடன் கொழும்பில் வந்திறங்கினார். 1892இல் கண்டிக்குக் குடிபெயர்ந்தார்.

காப்பி அருந்தும் நாட்டார் வந்திறங்கிய அக்காலத்தில், கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்துகொண்டிருந்தமை வேடிக்கையான பொருத்தமே.

அரசாங்கத்துக்கு அவர்கள் கைதிகள். இந்நாட்டு முஸ்லிம்களுக்கோ விருந்தினர். இவ்விரண்டு சொற்களுக்கும் உள்ள தொலைவை அந்த எழுவரும் நன்கு அறிந்திருப்பர். விரும்பும்போது எழுந்து செல்லலாம் என்பதன்றோ விருந்தின் முதல் இலக்கணம்! எனினும் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெப்பை ஒராபியைத் தம் கல்வி முயற்சிகளுக்குத் துணையாகக் கொண்டார். 1892இல் கொழும்பு மருதானையில் தோன்றி, பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கலாசாலைக்கு ஒராபியின் ஆதரவும் இருந்தது. தங்கிய இடத்துக்கு விருந்தினர் செய்த கைம்மாறு என்று இதனைக் கூறலாம்.

எழுவருள் மூவர் திரும்பவேயில்லை. அப்துல் ஆல் ஹில்மி 1891இலும், மஹ்மூத் ஃபஹ்மி 1894இலும், யாகூப் ஸாமி 1900இலும் இத்தீவிலேயே மறைந்தனர். கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி, சரந்தீபிலிருந்து தாய்நாட்டை நினைந்து பாடிய ஏக்கப் பாக்களோடு, பார்வை குன்றியவராய் 1899இல் எகிப்தை அடைந்தார். ஒராபிக்கு 1901இல் மன்னிப்புக் கிடைத்தது. பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் கெய்ரோவை அடைந்த அவரைத் தோல்விக்குக் காரணமானவர் என்று பழித்த சொந்த நாட்டாரும் உண்டு. 1911இல் அங்கேயே காலமானார். கண்டியில் அவர் வாழ்ந்த இல்லமோ, பின்னாளில் அவர் பெயரையே தாங்கிய பண்பாட்டு நிலையமாயிற்று.