பின்புத்தியின் பெருமிதம்

உளவியல் படித்தவர் என்று அறிமுகமானதும் சிலர் தம் மனத்தில் ஓடுவதை இவர் கண்டுபிடித்துவிடுவாரோ என்று கூசுகிறார்கள். அவர்களைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். “நாலு பேரோடு பழகினாலே தெரிகிற விஷயத்துக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்பவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது சாமுவேல் ஸ்டௌஃபர் தலைமையில் அமெரிக்கப் படைவீரர்களின் மனப்பாங்கு விரிவாக ஆராயப்பட்டது. ‘தி அமெரிக்கன் சோல்ஜர்’ என்று நூலாக வந்த அந்த ஆய்வை 1949இல் மதிப்பிட்ட பால் லாசர்ஸ்ஃபெல்ட் ஒரு குறும்பு செய்தார். நூலின் முடிவுகள் என்று சிலவற்றை அடுக்கினார்: மனக்கலக்க அறிகுறிகள் அதிகம் படித்த வீரர்களிடமே கூடுதல், நாட்டுப்புறத்தார் நகரத்தாரைவிட உற்சாகமாக இருந்தார்கள், வெப்பமான தென்மாநிலத்தார் பசிபிக் தீவுகளின் புழுக்கத்தை எளிதில் தாங்கினார்கள். படித்தவன் யோசித்தே குழம்புவான், கிராமத்தான் கஷ்டத்துக்குப் பழகியவன் என்று நமக்கும் காரணங்கள் உடனே தோன்றுகின்றன அல்லவா? பிறகு போட்டார் ஒரு போடு: உண்மையில் கிடைத்த முடிவுகள் அத்தனையும் இவற்றுக்கு நேர்மாறானவை! குறைவாகப் படித்தவர்களே அதிகம் கலங்கியிருந்தார்கள். வெப்பத்தைத் தாங்குவதில் தென்மாநிலத்தார் ஒருபடியும் மேலில்லை. இவற்றை முதலிலேயே சொல்லியிருந்தாலும் நாம் தலையாட்டியிருப்போம்.

இந்தத் தலையாட்டலையே பாரூக் ஃபிஷ்ஹாஃப் ஆய்வுப் பொருளாக்கினார். 1814இல் ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போரின் விவரத்தைப் படிக்கக் கொடுத்து, குழுவுக்கு ஒரு முடிவாகச் சொன்னார். ஒரு குழுவுக்கு மட்டும் எதுவும் சொல்லவில்லை. முடிவு தெரிந்தவர்கள், அதை மறந்துவிட்டுக் கணிக்கச் சொன்னபோதும், தமக்குச் சொல்லப்பட்டதற்கே கூடுதல் வாய்ப்பு இருந்ததாக மதிப்பிட்டார்கள். பொய்யான முடிவைக் கேட்டவர்களும் அப்படித்தான். 1975இல் வெளியான ஆய்வு இது.

உளவியலை அறிவியல் அல்ல என்று தள்ளுவோர் கையில் 2015ஆம் ஆண்டின் செய்தி ஒன்றும் உண்டு. 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் ஏறத்தாழ 36 விழுக்காடே புள்ளியியல் முறைப்படி தேறின. வெட்கப்பட வேண்டிய கணக்குதான்; சிறிய மாதிரிகளும், சாதகமான முடிவுகளையே அச்சேற்றும் இதழ்களின் வழக்கமும் இதற்குப் பெரிதும் காரணம். ஆனால் கணக்கெடுத்தவர்கள் பிரையன் நோசெக் முன்னின்று திரட்டிய உளவியலாளர்களே. இன்று பலர் தரவைத் தொடும் முன்பே கருதுகோளை எழுதிப் பதிவுசெய்துவிடுகிறார்கள். முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று, ஆய்வு நடக்கும் முன்பே திட்டத்தை ஏற்கும் முறையை ‘கார்ட்டெக்ஸ்’ இதழ் 2013இலேயே தொடங்கியிருந்தது.