தில்லியில் பொருள் வாங்க எங்கே போவது?

தில்லிக்கு வரும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. என்னிடம் ஒரு பட்டியல் ஆயத்தமாக இருக்கும்: மிளகு, ஏலம், உலர்பழம் என்றால் காரி பாவ்லி, வெள்ளி நகையும் அத்தரும் என்றால் தரீபா, சரிகைக்கும் திருமண அலங்காரப் பொருள்களுக்கும் கினாரி பஜார், மலிவான ஆயத்த ஆடைக்கு சரோஜினி நகர், பழைய புத்தகத்துக்குத் தரியாகஞ்ச் ஞாயிற்றுச் சந்தை. மொழியியல் படித்த பழக்கத்தால் இப்பெயர்களின் பொருளைத் தேடத் தொடங்கியபோதுதான், நான் தந்து வந்தது வெறும் கடைப்பட்டியல் அன்று, ஓர் இடப்பெயர்வு வரலாறு என்பது புரிந்தது.

சாந்தினி சௌக்கிலிருந்து தொடங்கலாம். ‘சாந்தினி’ என்றால் நிலவொளி. ‘சௌக்’ என்ற சொல்லும் நமது ‘சதுக்கம்’ என்ற சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிராகிருத வழியாக வந்தவை. 1650இல் ஷாஜகானின் மகள் ஜகனாரா இக்கடைத்தெருவை அமைத்தபோது, நடுவே எண்கோணச் சதுக்கமும் குளமும் இருந்தன. தெருவின் நடுவே கால்வாய் ஓடியது. சதுக்கத்துக்கு மட்டும் உரிய பெயர் பின்னர் முழுத் தெருவுக்கும் பரவியது. இன்று குளமும் இல்லை, கால்வாயும் இல்லை. அத்தெருவின் மேற்குக் கோடியை அடுத்துள்ள காரி பாவ்லியின் பெயருக்கு ‘உவர்நீர்ப் படிக்கிணறு’ என்று பொருள். கிணற்றை இன்று காண முடியாது. மிளகாய் நெடிதான் எதிர்கொள்ளும். தரியாகஞ்சில் உள்ள ‘தரியா’ ஆற்றைக் குறிக்கும். கோட்டைச் சுவரை ஒட்டி ஓடிய யமுனை இப்போது கிழக்கே விலகிவிட்டது. பொருள் மறைந்த பிறகும் பெயர் நிலைத்திருப்பது இடப்பெயராய்வில் நாம் அடிக்கடி காணும் இயல்பு.

ஆனால் எல்லா மறைவும் இயற்கையானதன்று. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் தில்லியை மீண்டும் கைப்பற்றியபின் நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடைப்பட்ட குடியிருப்புகளும் கடைத்தெருக்களும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. ஜகனாரா கட்டிய பெருஞ்சத்திரம் அழிந்த இடத்தில் நகர மன்றம் எழுந்தது. பழைய தெருக்களை வெட்டிக்கொண்டு ‘நயி சடக்’, அதாவது ‘புதிய சாலை’, போடப்பட்டது. இன்று பாடநூல்களும் எழுதுபொருள்களும் வாங்க மாணவர்கள் மொய்க்கும் தெரு அது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் அது ‘புதிய’ சாலைதான்.

அழிந்த கடைத்தெருக்களுள் ஒன்று உருது பஜார். ‘உருது’ என்பது துருக்கிய மொழியில் பாசறையைக் குறித்த சொல். பின்னர் அரசவை நகரின் மொழிக்குப் பெயராயிற்று. அருகிலுள்ள பல்லிமாரான் பகுதியில் வாழ்ந்த கவிஞர் காலிப் தம் கடிதங்களில், காணாமற்போன கடைத்தெருக்களைப் பெயர் சொல்லி வருந்துகிறார். உருது பஜாரும் அவற்றுள் ஒன்று. கோட்டை வாயிலுக்கு எதிரே இருந்த அந்தப் பெயர் பிற்காலத்தில் ஜும்மா மசூதியை ஒட்டிய புத்தகக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. அதாவது, இடம் அழிந்தபோது பெயர் வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தது.

அடுத்த பெரும்பெயர்வு 1947. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் தில்லியைவிட்டு நீங்கினர். மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தனர். இன்று பயணிகள் துணி வாங்கும் லாஜ்பத் நகர் அவர்களுக்கான குடியேற்றமாக உருவானது. 1951இல் அமைந்த கான் மார்க்கெட்டின் கடைகள் எல்லைப்புற மாகாணத்து அகதிகளுக்கு ஒதுக்கப்பட்டவை: கீழே கடை, மேலே வீடு. அம்மாகாணத்தின் முதல்வராக இருந்த கான் அப்துல் ஜப்பார் கானின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பிரிவினையால் வீடிழந்த இந்துக்களும் சீக்கியர்களும் பிழைக்கக் கிடைத்த கடைத்தெரு, எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு பட்டாணியர் தலைவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இன்று இந்தியாவிலேயே வாடகை மிக உயர்ந்த கடைத்தெருக்களுள் ஒன்று அது. அதன் தொடக்கத்தை நினைவுபடுத்த அந்தப் பெயர் ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று நினைத்திருந்தேன். முதுகலை படித்த நாள்களில் ஞாயிறுதோறும் தரியாகஞ்ச் நடைபாதையில் குந்தி அமர்ந்து புத்தகம் பொறுக்குவது என் வழக்கம். என் மேசையிலுள்ள இந்தி அகராதி அங்கே எடைபோட்டு வாங்கியது. 2019இல், போக்குவரத்து நெரிசல் காரணமாக, நீதிமன்ற ஆணைப்படி அச்சந்தை நடைபாதையிலிருந்து அகற்றப்பட்டது. தெரு வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014இல் இயற்றிய சட்டம் நடைமுறையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. விற்பனையாளர்கள் போராடிய பிறகு, ஆசப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்தில் இடம் கிடைத்தது. சுற்றுச்சுவருக்குள் சந்தை ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் போகிற போக்கில் நின்று பார்க்கும் வழிப்போக்கர் அங்கே இல்லை. எனினும் இன்றும் எல்லோரும் அதைத் ‘தரியாகஞ்ச் சந்தை’ என்றே சொல்கிறார்கள். உருது பஜாருக்கு நேர்ந்தது என் கண்ணெதிரே மீண்டும் நேர்ந்திருக்கிறது.

கட்டடம் உள்ள வணிகர் பெயர்ப்பலகையையும் பத்திரத்தையும் விட்டுச்செல்கிறார். தார்ப்பாய் விரித்து விற்பவர் விட்டுச்செல்வது வாங்கியவர்களின் பேச்சில் வழங்கும் பெயரை மட்டுமே. ஆவணக் காப்பகத்தில் அந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது. பேச்சுவழக்கில்தான் தேட வேண்டும். நகர வரலாறு எழுத முனையும் மாணவர்கள் கட்டடங்களுக்குத் தரும் கவனத்தை இப்பெயர்களுக்கும் தர வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தில்லிக்கு வருபவர்களுக்கு இப்போதும் அதே பட்டியலைத்தான் தருகிறேன்; கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்புகிறேன். விலை பேசி முடித்த பின் கடைக்காரரிடம், “இதற்குமுன் உங்கள் கடை எங்கே இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். பலரிடம் அதற்கு விடை இருக்கிறது.