கடதாசி இல்லாமல் போன தையற்காரர்



இன்று ஒரு தையற்காரரின் வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.

1989 ஜூலை 14. பிரெஞ்சுப் புரட்சியின் 200 ஆவது ஆண்டு நிறைவு. பாரிஸ் நகரத்தின் கொன்கோர்ட் சதுக்கத்தில் ஜெஸி நோர்மன் என்ற கறுப்பின அமெரிக்கப் பாடகி பிரான்ஸின் தேசிய கீதத்தைப் பாடுகிறார். நீலம், வெள்ளை, சிவப்பு என அந்த நாட்டின் கொடியே அவரைச் சுற்றி ஆடையாக விரிந்திருக்கிறது. உலகமே தொலைக்காட்சியில் பார்த்த அந்த ஆடையை வடிவமைத்தவர் துனீசியாவிலிருந்து வந்த ஒரு குடியேறி. முப்பது வருடங்களுக்கு முன்னர் இதே பாரிஸில், கடதாசிகள் ஒழுங்காக இல்லை என்று ஐந்தே நாளில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்.

அவர் பெயர் அஸ்ஸடீன் அலாயா. அது பிரெஞ்சுக்காரரின் உச்சரிப்பு. நமது வாயில் வருவதென்றால் இஸ்ஸுத்தீன்.

1935 இல் துனிஸில் பிறந்தார். குடும்பம் கோதுமை விவசாயக் குடும்பம். அப்போது துனீசியா பிரான்ஸின் ஆட்சிக்குக் கீழ் இருந்தது. அவருடைய பிரசவத்தைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவிச்சிதான் அவருக்கு முதல் வழிகாட்டி. அந்த அம்மாவின் வீட்டில் ஓவியப் புத்தகங்களும் பாரிஸ் ஆடைச் சஞ்சிகைகளும் கிடந்தன. சிறுவன் அவருக்குக் கூடமாட உதவி செய்துகொண்டே அவற்றைப் புரட்டினான். பிறகு, அவருடைய உதவியோடு, வயதைக் கூட்டிச் சொல்லி துனிஸ் நுண்கலைக் கல்லூரியில் சிற்பம் படிக்கச் சேர்ந்தான்.

சிற்பம் படித்தவருக்குத் தையல் எப்படி வந்தது? அவருக்கு ஹஃபீதா என்று ஒரு இரட்டைச் சகோதரி. அவர் கன்னியாஸ்திரிகளிடம் தையல் பழகினார். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த கொப்பியைப் பார்த்துத்தான் தம்பி ஊசி பிடிக்கப் பழகினார். படிப்புச் செலவுக்காக ஒரு தையற்கடையில் பாவாடை விளிம்பு மடித்துத் தைத்தார். ஒன்றுக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி. பின்னர், பணக்காரப் பெண்களுக்காகப் பாரிஸ் ஆடைகளைப் பார்த்து அதே மாதிரித் தைத்துக் கொடுக்கும் இடத்தில் வேலை. தையலுக்காக அவர் எந்தப் பாடசாலைக்கும் போகவில்லை. சான்றிதழும் இல்லை.

1950களின் பிற்பகுதியில் பாரிஸுக்குப் போனார். ஒரு வாடிக்கையாளரின் சிபாரிசில், அன்று உலகத்தில் மிகப் பெரிய பெயரான கிறிஸ்டியன் டியோர் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. பக்கத்தில் அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. வட ஆபிரிக்காவிலிருந்து வந்தவர் என்றாலே சந்தேகப் பார்வை. ஐந்தாம் நாளோடு வேலை போனது.

அவர் ஊருக்குத் திரும்பவில்லை. கீ லரோஷ் என்ற வடிவமைப்பாளரிடம் கொஞ்சக் காலம் இருந்து வெட்டும் முறையைப் பழகினார். தங்குவதற்கு இடம் வேண்டும். பிரபுக்கள் குடும்பமொன்றின் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் பிள்ளைகள், மற்ற நேரத்தில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு உடுப்புத் தைத்தல். வருடக்கணக்கில் இப்படித்தான் காலம் போனது. அந்தப் பெண் தன் தோழிகளிடம் சொல்ல, அவர்கள் இன்னும் சிலரிடம் சொல்ல, வாடிக்கையாளர்கள் கூடினார்கள். எழுத்தாளர்களும் நடிகைகளும் வந்தார்கள். ஹொலிவூட் நடிகை கிரேட்டா கார்போவும் வந்து தைத்துக்கொண்டு போனார். விளம்பரம் இல்லை, கடைப் பலகையும் இல்லை. பிறகு பெல்ஷாஸ் வீதியில் ஒரு சிறிய வீட்டை எடுத்துத் தையற்கூடமாக்கினார்.

ஆசிரியர் என்ற வகையில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் 1968 இல் நடந்தது. பலென்சியாகா என்ற பெரும் வடிவமைப்பாளர் தன் நிறுவனத்தை மூடினார். அங்கே மிஞ்சியிருந்த ஆடைகளை எடுத்துப்போய், துணியை வெட்டி வேறு உடுப்புக்குப் பாவிக்கும்படி அலாயாவிடம் சொன்னார்கள். அவர் எடுத்துப்போனார். ஆனால் கத்தரிக்கோல் வைக்க மனம் வரவில்லை. அந்த ஆடைகளில் இருந்த வேலையைப் பார்த்ததும், இது வெட்டக்கூடிய துணி அல்ல, பாதுகாக்க வேண்டிய சொத்து என்று விளங்கியது. அன்று தொடங்கி மற்றவர்களின் பழைய ஆடைகளை வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவை ஆயிரக்கணக்கில் பெருகின. எங்கே மடித்திருக்கிறார்கள், தையல் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துப் படித்தார். கல்லூரி இல்லாதவருக்கு இதுதான் கல்லூரி.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் தன் பெயரில் ஆயத்த ஆடைகளை வெளியிட்டார். 1982 இல் நியூயோர்க்கில் காட்சி வைத்தார். 1985 இல் பாரிஸ் ஒபேரா மண்டபத்தில் ஒரே இரவில் இரண்டு உயர் விருதுகள். ஆள் கட்டையானவர். பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டே மேடைக்குப் போனார்.

அவர் தைத்தவை பெரும்பாலும் உடலை ஒட்டிய ஆடைகள். நமது ஆடை ஒழுக்கத்துக்கு அவை ஒத்துவராது. அதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் எனக்கில்லை. நான் பார்ப்பது அவர் வேலை செய்த முறையை.

உலகப் புகழ் வந்த பிறகும் மாதிரியைத் தன் கையாலேயே வெட்டினார். இரவிரவாக வேலை செய்தார். சிற்பி களிமண்ணில் உருவத்தைக் கட்டுவது போல, துணியை உடம்பின் மேலேயே வைத்து ஊசி குத்தி உருவாக்கினார். எல்லா நிறுவனங்களும் குறித்த வாரத்தில் காட்சி வைக்கும்போது, உடுப்பு முடிந்தால்தான் காட்சி என்று இருந்தார். அதனால் சஞ்சிகைகளோடு மனக்கசப்பு வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டார். 1992 இல் ஹஃபீதா மரணித்தபோது மனம் உடைந்து, பல வருடங்கள் பெரிய மேடைகளை விட்டு ஒதுங்கியிருந்தார். 2000 இல் இத்தாலியின் பிராடா நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்தார். 2007 இல் தன் பெயரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவருடைய வீடும் தையற்கூடமும் பாரிஸின் மரே பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தன. அங்கே சமையலறை மேசைதான் பேர்போனது. தைக்கும் பெண்களும் உலகப் பிரபலங்களும் அந்த ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பல நேரம் சமைத்ததும் அவரேதான். பதினாறு வயதில் பாரிஸுக்கு வந்த நயோமி கெம்பலுக்குத் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அவர் கடைசி வரை அலாயாவை ‘பப்பா’ என்றே அழைத்தார். பிறர் வீட்டில் தங்கிப் பிழைத்த மனிதர், தனக்கென்று வீடு வந்ததும் கதவைத் திறந்து வைத்தார்.

2017 நவம்பர் 18 இல், 82 ஆவது வயதில் பாரிஸில் காலமானார். ஜனாஸா துனீசியாவுக்குக் கொண்டுபோகப்பட்டு, கடலைப் பார்த்த சீதி பூ சயீத் என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.

இந்தக் கதையை, படிக்காமலே முன்னேறலாம் என்பதற்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அலாயா படித்தவர். சகோதரியின் கொப்பியில் படித்தார், கூலிக்கு மடித்த விளிம்பில் படித்தார், அடுத்தவர் தைத்த உடுப்பில் படித்தார். அவர் படித்ததைக் காட்ட ஒரு கடதாசி இருக்கவில்லை, அவ்வளவுதான்.

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும், குறைந்த பெறுபேறு எடுத்த பிள்ளையைப் பார்த்து “இனி தையற்கடைக்குத்தான் போகணும்” என்று ஏசுகிறோம். அதைக் கேட்கும் பிள்ளையின் மனம் ஒரு பக்கம். அதே பேச்சைக் கேட்டுக்கொண்டு, நமது பெருநாள் உடுப்பைக் கண்விழித்துத் தைக்கும் நானாவும் ராத்தாவும் இன்னொரு பக்கம். அவர்களின் கையில் இருப்பதும் படிப்புத்தான். அந்த மருத்துவிச்சி தன் வீட்டுப் புத்தகங்களைத் திறந்து கொடுத்தது போல, அப்படியான ஒரு பிள்ளைக்கு நம்மால் எதைத் திறந்து கொடுக்க முடியும்?

உங்கள் ஊரில் தானாகவே தொழில் பழகி மற்றவர்களுக்கும் பழக்கிக் கொடுத்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளைகளும் வாசிக்கட்டும்.