மனச்சிதைவு நோயும் மரபும்



ஒரு வீட்டில் இளைஞன் ஒருவன் இருக்கின்றான்; கல்லூரியில் நன்கு பயின்றவன். இருபது வயதை எட்டும் வேளையில் அவன் போக்கு மாறுகின்றது. யாரும் பேசாதபோதும் செவியில் குரல் ஒலிப்பதாகக் கூறுகின்றான். எவரோ தன்னைப் பின்தொடர்வதாக அஞ்சுகின்றான். நண்பரை விட்டு ஒதுங்குகின்றான். ஊரார் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். ‘இது குலத்தில் வந்த நோயா?’ என்பது ஒன்று. ‘தாய் வளர்த்த முறையில் பிழையா?’ என்பது மற்றொன்று. அறிவியல் உலகமும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு கேள்விகளையே கேட்டு வந்தது. அதற்குக் கிடைத்த விடை யாது? அவ்வரலாற்றையே இன்று காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்நோயைத் தனியொரு நோயாக வகுத்துக் காட்டினார். இளமையிலேயே அறிவை மழுங்கச் செய்வது என்னும் பொருளில் ‘டிமென்ஷியா பிரீகாக்ஸ்’ என்று பெயரிட்டார். இது மூளையைப் பற்றிய நோயே என்பது அவர் துணிபு. அவருடன் பணியாற்றிய ஆல்சைமர் என்பார் 1906ஆம் ஆண்டில் நினைவிழப்பு நோய் ஒன்றின் சுவடுகளை மூளையில் கண்டு உலகுக்கு உரைத்தார். ஆயினும் கிரேப்பலின் வகுத்த நோய்க்கு அத்தகைய தெளிவான சுவடு எதுவும் நுண்ணோக்கியில் அகப்படவில்லை. 1908இல் சுவிட்சர்லாந்தின் பிளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரீனியா’ என்ற பெயரைச் சூட்டினார். ஓர் உடலில் இருவர் குடியிருப்பது என்று சிலர் இதற்குப் பொருள் கொள்வர், அது பிழை. எண்ணமும் உணர்ச்சியும் செயலும் தம்முள் இணைப்பற்றுச் சிதைவதையே அப்பெயர் குறிக்கின்றது. எனவே தமிழில் மனச்சிதைவு நோய் என்கிறோம்.

மூளையில் சுவடு கிட்டாத நிலையில், ஆய்வாளர் குலத்தை நோக்கித் திரும்பினர். 1916இல் எர்ன்ஸ்ட் ரூடின் என்பவர் நோயாளிகளின் உடன்பிறந்தாரைக் கணக்கெடுத்தார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட எளிய விகிதம் எதற்கும் அக்கணக்கு பொருந்தவில்லை. இந்நிலையில் அறிஞர் அடக்கம் காட்டியிருத்தல் வேண்டும். நிகழ்ந்ததோ வேறு. 1933ஆம் ஆண்டு ஜூலையில் ஹிட்லரின் அரசு, மனச்சிதைவு உள்ளிட்ட நோய்களை உடையோர்க்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. அதற்கு விளக்கவுரை எழுதியோருள் ரூடினும் ஒருவர். ஏறத்தாழ 4,00,000 மக்கள் அச்சட்டத்திற்கு இரையாயினர். பின்னர், 1940, 1941ஆம் ஆண்டுகளில், மருத்துவமனைகளிலிருந்து கொண்டு செல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட நோயாளிகள் நச்சு வாயுவால் கொல்லப்பட்டனர். அரைகுறை அறிவு அதிகாரத்தின் கைவாளானால் என்ன விளையும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

போருக்குப் பின் கருத்து மறுகோடிக்குச் சென்றது. மரபைப் பேசவே பலர் கூசினர். தாயின் அன்பற்ற வளர்ப்பே நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை 1948 முதல் அமெரிக்காவில் பரவலாயிற்று. பிள்ளையின் நோயால் வாடிய அன்னையர் பழியையும் சேர்த்துச் சுமந்தனர்.

இவ்வழக்கைத் தீர்க்க 1966இல் ஒரு சான்று வந்தது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், இந்நோயுற்ற தாயர்க்குப் பிறந்து, பிறந்த சில நாட்களிலேயே அவர்களைப் பிரிந்து வளர்ந்த 47 பேரை ஹெஸ்டன் என்னும் மருத்துவர் ஆராய்ந்தார். அவர்களுள் ஐவர்க்கு இந்நோய் கண்டிருந்தது. நோயற்ற தாயர்க்குப் பிறந்து அவ்வாறே பிரிந்து வளர்ந்த 50 பேருள் ஒருவர்க்கும் இல்லை. எனவே மரபுக்குப் பங்கு உண்டு. தாயின் வளர்ப்பின் மேல் பழி சுமத்துதல் தகாது. எனினும் 47 பேருள் 42 பேர் இந்நோய்க்கு ஆளாகவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இதன்பின் மூளையும் வாய் திறந்தது. 1976இல் லண்டனைச் சார்ந்த நார்த்விக் பார்க் மருத்துவமனையில் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர், அப்போது புதிதாகத் தோன்றியிருந்த கணிப்பொறி எக்ஸ்-கதிர்ப் படத்தால் 17 நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தனர். மூளையின் உள்ளே நீர் நிறைந்த அறைகள் உள்ளன. நோயாளிகளிடத்து அவை விரிந்து காணப்பட்டன. 1990இல் மற்றோர் ஆய்வு வெளிவந்தது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருள் ஒருவர் மட்டும் நோயுற்றிருந்த 15 இணைகளின் மூளைப் படங்கள் ஒப்பிடப்பெற்றன. படத்தைக் கண்ணால் நோக்கியே 12 இணைகளில் நோயுற்றவர் இன்னார் எனக் கூற முடிந்தது. மரபணு ஒன்றாயிருந்தும் மூளை வேறுபட்டது. ஆதலின் மரபு மட்டுமே காரணம் அன்று. மேலும், இவ்வேறுபாடுகள் பலரை ஒப்பிடும்போது புலப்படுவன. மூளைப் படம் ஒன்றை மட்டும் கொண்டு ஒருவர்க்கு இந்நோய் உண்டு எனத் துணிதல் இயலாது.

மரபுக்கும் மூளைக்கும் இடையே பாலம் எங்கே? 2014இல் ஏறத்தாழ 37,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயுடன் தொடர்புடைய 108 இடங்களைக் கண்டனர். 2022இல் அவ்வெண் 287 ஆயிற்று. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவ்விடங்களுள் ஒன்று ஆறாம் குரோமோசோமில் உள்ள ‘சி4’ என்னும் மரபணு. இது நோய் எதிர்ப்புக்குரிய புரதம் ஒன்றை ஆக்குவது. இதனை மிகுதியாக ஆக்கும் மரபணு வகையை உடையோர்க்கு நோய் வாய்ப்புச் சற்றே கூடுகின்றது என 2016இல் அமெரிக்க அறிஞர் அறிவித்தனர். வளரும் மூளையில் மிகையான நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன. எலிகளின் மூளையில் அக்களையெடுப்புக்கு இப்புரதம் துணைபுரிவதையும் அவர்கள் கண்டனர். களையோடு பயிரும் பறிக்கப்பட்டால் விளைச்சல் குன்றும் அன்றோ? இந்நோய் இளமையில் தோன்றுவதன் காரணம் இதனுள் அடங்கியிருக்கலாம் என்று கருதுகின்றனர்.

இனி, அவ்வீட்டு இளைஞனிடம் மீள்வோம். அவன் நோய் குலத்தின் குற்றமும் அன்று. தாயின் குற்றமும் அன்று. சிறு சிறு மரபணு வேறுபாடுகள் பலவும், கருப்பருவம் முதல் வாழ்வில் நேரும் இடர்களும் கூடி மூளையைத் தாக்குவதால் விளையும் நோய் அது. 1950களிலிருந்தே அதற்கு மருந்துகள் உள்ளன. காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடினால் பயன் மிகும். உங்கள் வகுப்பிலோ தெருவிலோ அத்தகைய ஒருவர் இருப்பின், ‘குலம் யாது?’ என்று வினவாதீர்கள். அவர் அருகில் சென்று அமருங்கள்.