ஒலி அட்டை (இசை கேட்பதற்குத் தேர்ந்தெடுத்தல்)

ஒலி அட்டை என்பது கணினியில் எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றித் தரும் உறுப்பு. சிங்கப்பூரில் 1981இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் இதைப் பரவலாக்கியது. இன்று பெரும்பாலான மதர்போர்டுகளில் ஒலிச் சில்லு உள்ளமைந்தே வருகிறது. சாதாரண ஸ்பீக்கருக்கு அது போதும்.

தனி அட்டை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இரைச்சல் அளவு. தம்புராவின் மெல்லிய சுருதிக்கு அடியில் 'உஸ்' ஒலி கேட்டால் அட்டையின் குறை வெளிப்பட்டுவிடும். குறுந்தகட்டின் 16 பிட் ஒலிக்கு ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு உண்டு. அட்டையின் சமிக்ஞை–இரைச்சல் விகிதம் அதற்குக் குறையாதிருப்பது நல்லது. 192 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதம் என்ற விளம்பரத்தில் கேட்பவருக்குக் கிடைக்கும் பயன் சொற்பமே. குறுந்தகட்டின் 44.1 கிலோஹெர்ட்ஸை மாற்றாமல் இசைப்பதே முக்கியம். 1998இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் லைவ் அதை 48ஆக மாற்றியே ஒலித்தது.

300 ஓம் ஹெட்போனுக்கு வலுவான பெருக்கி வேண்டும். ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கேட்டால், அட்டையைக் குறைகூறுமுன் வீட்டின் எர்த் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

காரைக்காலை அடுத்த தலத்தெரு போன்ற கடற்கரைப் பகுதிகளில் உப்புக்காற்று அட்டையின் தொடுமுனைகளை அரிக்கக்கூடும். கேபினட்டுக்குள் செருகும் அட்டையைவிட, கழற்றித் துடைத்து மூடிவைக்கக்கூடிய யுஎஸ்பி வகையே அங்கே ஏற்றது.